திரையும் தழும்பும்: மார்பக உள்வைப்பின் மறுசத்திரசிகிச்சை பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் 'திரை' என்னும் சொல்லுக்கு அலை என்பது ஒரு பொருள்; முதுமையிலே தோலிற் படியும் சுருக்கம் என்பது மற்றொரு பொருள். மறைப்பாகத் தொங்கவிடப்படும் துணியையும் அச்சொல்லே குறிக்கும். நரை, திரை, மூப்பு என்று அடுக்கிக் கூறும் வழக்கு நம்மவர்க்குப் பழக்கமானது. மார்பக உள்வைப்புப் பெற்ற பெண்களிடத்தில், சிறப்பாக அதன் மறுசத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்களிடத்தில், தோலின் மேல் வரிவரியாகத் தோன்றும் மடிப்பினை மேனாட்டு மருத்துவர் நீர்ப்பரப்பிற் காற்றுப்படும்போது எழும் சிற்றலையின் பெயரால் வழங்குவர். அதனைத் தமிழிற் கூற முற்படும் நாம் புதுச்சொல் எதனையும் ஆக்கவேண்டியதில்லை. அலை, சுருக்கம், மறைப்பு ஆகிய மூன்றும் 'திரை' என்ற ஒரு சொல்லிலேயே அடங்கியுள்ளன. நாம் பேசவிருக்கும் பொருளுக்கும் இம்மூன்றும் உரியனவே.

இலக்கியத் திறனாய்விலே ஈடுபட்டிருப்போர் சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதுவானேன் என்ற வினா எழலாம். ஒரு தோற்றப்பாடு எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறது, எந்த வகுப்பிலே சேர்க்கப்படுகிறது என்பன மொழி சார்ந்த வினாக்கள் மட்டுமல்ல. அதற்கு யார் பொறுப்பு, யார் செலவு, யார் நேரம் என்பனவும் அப்பெயரிடுதலிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றன. திரை 'அழகு சார்ந்த குறை' என்று வகுக்கப்பட்ட ஒன்று. அவ்வாறு வகுக்கப்பட்ட கணத்திலேயே அது கணக்கினின்றும் பாதி நீங்கிவிடுகிறது. மறுபுறத்திலே, முற்போக்குச் சிந்தனையாளர் எனத் தம்மைக் கருதுவோரும் இத்தகைய முறையீட்டைப் பூர்ஷ்வா ஆடம்பரத்தின் விளைவென்று ஒதுக்கிவிடுவதுண்டு. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவளுக்கு இரக்கம், தானே விரும்பி உள்வைப்புப் பெற்றவளுக்கு ஏளனம் என்ற இந்தப் பாகுபாடு எவ்வளவு தூரம் பொருள்முதல்வாத நோக்குடையது என்பது ஐயத்துக்குரியது. பண்டத்தை விட்டுவிட்டு அதை வாங்கியவளின் மனத்தை ஆராய முற்படுவது கருத்துமுதல்வாதத்தின் பழைய பழக்கமேயாகும். ஆகவே நாம் பண்டத்திலிருந்தே தொடங்குவோம்.

உள்வைப்பு என்பது அடிப்படையில் ஒரு பை. அதன் ஓடு சிலிக்கோன் இறப்பரால் ஆன மெல்லிய சவ்வு. உள்ளே இருப்பது ஒன்றில் உவர்நீராக இருக்கும், அன்றேல் சிலிக்கோன் ஜெல்லாக இருக்கும். அரைவாசிக்கு மேல் நீர் நிரப்பிய பொலித்தீன் பையொன்றைக் கையிலெடுத்து நிமிர்த்திப் பிடித்தால், நீர் கீழிறங்கி அடிப்பகுதி உப்புவதையும் மேற்பகுதி தளர்ந்து மடிவதையும் எவரும் காணலாம். புவியீர்ப்பின் கீழ் உள்வைப்புக்கும் இதுவே நேர்கிறது. நீர் எளிதில் ஓடுவது. ஆதலால் உவர்நீர் உள்வைப்பில் மடிப்பு மிகுதி. ஜெல் தன்னுள் ஒட்டித் தங்குவது. ஆதலால் அதில் மடிப்புக் குறைவு, ஆயின் இல்லாமலில்லை. ஓட்டின் கொள்ளளவுக்குக் குறைவாக நிரப்பினால் மடிப்புக் கூடும். வரம்புக்கு மிஞ்சி நிரப்பினாலோ விளிம்பு சிப்பி ஓட்டின் ஓரம்போல் நெளிந்து, பொருள் கடினமாகிவிடும்.

ஓடு மடிந்துவிட்டால் மட்டும் அது வெளியே தெரிந்துவிடாது. அதற்கும் பார்ப்பவர் கண்ணுக்குமிடையே தோல், தோலின் கீழுள்ள கொழுப்பு, சுரப்பியிழையம், சிலவேளைகளில் நெஞ்சுத்தசை ஆகியன உள்ளன. இவற்றின் தடிப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மார்பின் மேற்புறத்து இழையத்தைச் சத்திரசிகிச்சையாளர் இரு விரலாற் கிள்ளியெடுத்து அளப்பர்; அது இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைவாயின் உள்வைப்பைத் தசையின் கீழ் வைப்பதே தக்கதென்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதி. ஆனால் நெஞ்சுத்தசை உள்வைப்பின் மேற்புறத்தையும் உட்புறத்தையுமே பெரும்பாலும் மூடும். வெளிப்புறமும் கீழ்ப்புறமும் தசையின் காவலின்றியே கிடக்கும். திரை பெரும்பாலும் அவ்விடங்களிலேயே கண்ணுக்குத் தெரிவதும் கைக்குத் தட்டுப்படுவதும் இதனாலேதான். மெலிந்த உடலுடையோரிடத்திலும், சுரப்பியிழையம் முழுவதையும் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் இழந்தோரிடத்திலும் அது மிகுதியாகத் தோன்றுவதும் இக்காரணம் பற்றியே.

இன்னொரு வகைத் திரையும் உண்டு. உடல் தனக்குப் புறம்பான பொருளொன்றை வெளியேற்ற இயலாதவிடத்து அதனைச் சூழ நாரிழையத்தாலான ஓர் உறையைக் கட்டிக்கொள்ளும். இது நோயன்று, உள்வைப்புப் பெற்ற ஒவ்வொருவரிடத்தும் நிகழ்வது. சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்பாயின் அவ்வுறை ஓட்டின் நுண்குழிகளுட் புகுந்து பற்றிக்கொள்ளும். அதன்பின் உள்வைப்பின் பாரம் உறையை இழுக்கும். உறை தோலை இழுக்கும். முதல்வகையில் ஓட்டின் மடிப்புத் தோலினூடே தெரிகிறது. இரண்டாம் வகையில் தோலே இழுபட்டு மடிகிறது.

மறுசத்திரசிகிச்சைக்குப் பின்னர் திரை ஏன் கூடுதலாகத் தோன்றுகிறது என்பதே பலருக்கும் புரியாத புதிர். குறையைத் தீர்ப்பதற்கென்று செய்யப்பட்ட சிகிச்சை குறையை மிகுவிப்பதெப்படி? காரணங்கள் பல. பல்லாண்டு காலம் உள்வைப்பின் அழுத்தத்துக்குட்பட்ட இழையம் மெலிந்துவிடுகிறது, தோலும் விரிந்துவிடுகிறது. மறுசிகிச்சையில் பழைய உறையை வெட்டியெடுக்கும்போது இருந்த மூடுபடையில் மேலும் ஒரு படை போய்விடுகிறது. புதிய உள்வைப்பு, விரிந்துபோன பழைய இடத்தினுள்ளே தளர்ந்து கிடக்குமாயின் மடிவதற்கு அதற்கு வாய்ப்பும் கூடுகிறது. இவற்றோடு, நாம் வியப்புக்குரியதெனக் கருதும் முரண்பாடொன்றும் உண்டு. மறுசிகிச்சைக்கு வழக்கமான காரணங்களுள் முதன்மையானது உறை இறுகிச் சுருங்குதல். மார்பு கல்லாகி, வடிவம் திரிந்து, வலிக்கவும் தொடங்கும் நிலை அது. அவ்விறுக்கம் சில பெண்களிடத்தில் உள்வைப்பை நாற்புறமும் பிடித்து உருண்டையாக வைத்திருந்திருக்கும். அதைத் தளர்த்தியதும் மார்பு மென்மை பெறுகிறது. மென்மையோடு திரையும் வெளிப்படுகிறது. ஒரு குறை மற்றொரு குறையை மறைத்துக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

'மறுசத்திரசிகிச்சை' என்று நாம் வழங்குவதற்கு ஆங்கில மருத்துவர் கையாளும் சொல், நூலொன்றைத் திருத்தி மறுபதிப்பிடுவதற்கும் வழங்கும் சொல்லேயாகும். அச்சொல் சற்று வசதியான சொல். பதிப்பாசிரியன் ஏட்டில் அடித்துத் திருத்தும்போது ஏடு அவனைத் திரும்பத் திருத்துவதில்லை. உடலோ வெட்டப்படுந்தோறும் தன் பங்குக்குப் புதிய தழும்பொன்றை எழுதிவிடுகிறது.

இனி இப்பண்டம் எவ்வாறு பிறந்தது என்பதை நோக்குவோம். சிலிக்கோன் தொழில் இரண்டாம் உலகப் போரின் தேவைகளோடு வளர்ந்தது. டவ் இரசாயனக் கம்பனியும் கோர்னிங் கண்ணாடிக் கம்பனியும் இணைந்து 1943 ஆம் ஆண்டில் நிறுவிய டவ் கோர்னிங், உயரப் பறக்கும் போர்விமானங்களின் எரிபற்றல் அமைப்பைக் காக்கும் சிலிக்கோன் பசையை ஆக்கியதோடு தன் வணிகத்தைத் தொடங்கிற்று. போர் முடிந்தபின் அப்பொருளுக்குப் புதிய சந்தைகள் தேவைப்பட்டன. 1962 ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில், தோமஸ் குரோனின், பிராங் ஜெரோ என்னும் சத்திரசிகிச்சையாளர் இருவர் அக்கம்பனியின் துணையோடு ஆக்கப்பட்ட ஜெல் உள்வைப்பை முதன்முதலாக ஒரு பெண்ணின் உடலிற் பொருத்தினர். அதற்கு முன்னர் நாயொன்றில் அது பரிசோதிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் ஆறு பிள்ளைகளின் தாய். வறியோர்க்கு இலவச சிகிச்சை அளித்த வைத்தியசாலைக்கு அவர் சென்றது மார்பிற் பச்சை குத்தியிருந்ததை நீக்குவதற்காக. உள்வைப்பு அவர் கேட்டதன்று, அவருக்கு முன்வைக்கப்பட்டது. தம் காதுகளின் தோற்றத்தைச் சீராக்கிக்கொள்வதிலேயே அவருக்கு அதிக நாட்டமிருந்தது என்றும், அதனையும் சேர்த்துச் செய்துதருவதாகக் கூறப்பட்டபோது இணங்கினார் என்றும் பிற்காலத்தில் அவரே தெரிவித்துள்ளார். பூர்ஷ்வா ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் இவ்வரலாற்றை மனங்கொள்ளுதல் தகும். இப்பண்டத்தின் முதற்பரிசோதனைக் களம் உழைக்கும் வர்க்கத்துப் பெண்ணொருத்தியின் உடலே.

அமெரிக்காவிலே மருத்துவச் சாதனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத் திருத்தம் 1976 இலேயே வந்தது. அதற்கு முன்னரே சந்தையிலிருந்த உள்வைப்புகள் பாதுகாப்பானவை என்று நிறுவப்படாமலேயே தொடர்ந்து விற்கப்பட்டன. முறையீடுகள் பெருகியதன் பின், 1992 ஆம் ஆண்டில் உணவு மருந்து நிர்வாகம் ஜெல் உள்வைப்புகளின் பொது விற்பனையை நிறுத்தியது. மீளமைப்புச் சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் மட்டுமே அனுமதித்தது. டவ் கோர்னிங் அவ்வாண்டிலேயே அத்தொழிலைக் கைவிட்டு, 1995 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிற்று. பின்னர் பாதிக்கப்பட்டோருக்கென 320 கோடி டொலர்த் திட்டமொன்றுக்கு உடன்பட்டது.

வழக்கு மன்றங்களிலும் பத்திரிகைகளிலும் நடந்த பெரும் விவாதம், சிலிக்கோன் உடல் முழுவதையும் தாக்கும் நோய்களை உண்டாக்குகின்றதா என்பதைப் பற்றியது. 1999 இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அத்தகைய தொடர்புக்கு ஆதாரம் போதாதென்று கூறியது. உற்பத்தியாளருக்குச் சார்பான தீர்ப்பென்று அது பரவலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. ஆயின் அதே அறிக்கை, உறை இறுகுதல், ஓடு கிழிதல், மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டப்படுதல் முதலாய உள்ளூர்ச் சிக்கல்களே உள்வைப்பின் முதன்மையான பாதுகாப்புப் பிரச்சினை என்றும் கூறியிருந்தது. இரண்டாவது முடிவு முதலாவதன் நிழலில் மறைந்துபோயிற்று. 2006 இல் ஜெல் உள்வைப்புகள் மீண்டும் சந்தைக்கு வந்தன. 2011 இல் அதே நிர்வாகம் வெளியிட்ட மீளாய்வின்படி, தோற்றத்துக்காக உள்வைப்புப் பெற்றோருள் ஐவரில் ஒருவருக்கும், புற்றுநோய்க்குப் பின் மீளமைப்புச் செய்துகொண்டோருள் இருவரில் ஒருவர் வரையிலும் பத்தாண்டுக்குள் அதனை அகற்றவேண்டி நேர்ந்தது. உள்வைப்பு ஆயுட்காலப் பொருளன்று என்று அந்நிர்வாகமே வெளிப்படையாகக் கூறுகின்றது. அங்ஙனமாயின் மறுசத்திரசிகிச்சை விபத்தன்று. பண்டத்தின் இயல்பான வாழ்க்கை வட்டத்தில் அது ஒரு கட்டம்; முதற் கொள்வனவிலேயே இரண்டாவது கொள்வனவும் உறைந்து கிடக்கின்றது.

திரையைத் தொழில்நுட்பத்தால் வெல்ல முற்பட்ட கதை தனியே கூறத்தக்கது. ஜெல்லை மேலும் இறுக்கமாக, வெட்டினாலும் வடிவு குலையாததாக ஆக்கினால் ஓடு மடியாதன்றோ? இவ்வாறு உருவாகிய, நீர்த்துளி வடிவான உள்வைப்புகள் அமெரிக்காவில் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் அனுமதி பெற்றன. ஆனால் துளிவடிவான பொருள் உள்ளே சுழன்றுவிட்டால் மார்பின் வடிவமே கெட்டுவிடும். சுழலாதிருக்க அதன் மேற்பரப்பு இழையத்தைப் பற்றிக்கொள்ளவேண்டும். எனவே மேற்பரப்பு சொரசொரப்பாக்கப்பட்டது. அந்தச் சொரசொரப்போடு தொடர்புடையதாக, உறையிலே தோன்றும் அரிய நிணநீர்ப் புற்றுநோயொன்று அடையாளங் காணப்பட்டது. 2019 யூலை மாதத்தில் அலர்கன் கம்பனி தன் பயோசெல் வகை உள்வைப்புகளை உலக முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது. துளிவடிவானவையும் அவற்றுள் அடங்கின. அந்நோய் அரியதென்பதையும், நோய்க்குறி இல்லாதோர் தம் உள்வைப்பை அகற்றவேண்டுமென்று அந்நிர்வாகம் கூறவில்லை என்பதையும் இங்கு குறிப்பிடுதல் நேர்மையாகும். ஆயினும் போக்கைக் கவனியுங்கள். ஓரிடத்து மடிப்பை நீக்க வந்த தீர்வு வேறோரிடத்தில் வேறொரு வடிவில் விலை கேட்டது.

இன்று திரைக்கெனச் செய்யப்படும் மறுசிகிச்சை முறைகள் சில. சுரப்பியின் கீழிருக்கும் உள்வைப்பைத் தசையின் கீழ் மாற்றுவதுண்டு. உவர்நீர் உள்வைப்புக்குப் பதிலாக ஒட்டுந்தன்மை மிக்க ஜெல் உள்வைப்பை இடுவதுண்டு. விரிந்த இடத்தைத் தையலாற் சுருக்குவர். கலங்கள் நீக்கப்பட்ட மனிதத் தோலின் அல்லது பன்றித்தோலின் உட்படையைத் துணைப்படையாக வைத்துத் தைப்பதும் உண்டு. அது விலை மிகுந்தது. பெண்ணின் வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை உறிஞ்சியெடுத்து, தோலுக்கும் உறைக்குமிடையே சிறிது சிறிதாகச் செலுத்துவது அண்மைக்காலத்தில் பெருவழக்காகியுள்ளது. மறைப்பின் தடிப்பை நேரடியாகக் கூட்டுவதால் இம்முறை பொருத்தமானதே. ஆனால் செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதியை உடல் முதற் சில மாதங்களில் உறிஞ்சிக்கொள்ளும். எனவே இரண்டு மூன்று முறை செய்யவேண்டி வரலாம். அன்றியும், திரை மிகுதியாகத் தோன்றுவது மெலிந்த பெண்களிடத்தில்; எடுத்துக் கொடுப்பதற்குக் கொழுப்பில்லாதவர்களும் அவர்களே. உள்வைப்பை முற்றாக அகற்றிவிடுவதும் ஒரு முறைதான். அது இறுதித் தோல்வியென்று கருதப்படுவதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

ஆறுதல் என்பதை நாம் பொதுவாக நாட்களால் அளக்கிறோம்: தையல் பிரித்தாயிற்று, குழாய் எடுத்தாயிற்று, ஆறிவிட்டது. காயத்தின் கால அட்டவணை வேறு. முதற் சில நாட்களில் அழற்சி. பின் சில வாரங்களில் புதிய இழையம் கட்டப்படுதல். அதன்பின் ஓராண்டுவரையும் அதற்கு மேலும் நீடிக்கும் மெதுவான மறுசீரமைப்பு. முதல் மாதங்களிற் சிவந்து தடித்திருக்கும் தழும்பு படிப்படியாக வெளிறித் தட்டையாகும். முற்றிய தழும்பும் முன்னைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 வீதத்தையே எட்டும். கதிர்ச்சிகிச்சை பெற்ற தோல் இந்த அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை. அதன் குருதிக்கலங்கள் ஏற்கெனவே நலிந்துள்ளன. புகைத்தலும் குருதிக்கலங்களைச் சுருக்கி ஆறுதலைத் தாமதப்படுத்தும்.

திரையைப் பொறுத்தவரையில் இக்கால அட்டவணை ஒரு விசித்திரமான ஏமாற்றத்தை உண்டாக்குகிறது. சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் இழையம் வீங்கியிருக்கும். அவ்வீக்கம் மடிப்புகளை நிரப்பி மறைத்துவிடும். கண்ணாடியிற் பார்க்கும் பெண் குறை நீங்கிற்று என்று மகிழ்கிறாள். இரண்டாம் மூன்றாம் மாதங்களில் வீக்கம் வற்ற, வரிகள் மெல்ல மேலெழும். அப்போது அவள் ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தன்னையே குற்றஞ் சாட்டிக்கொள்வது அரிதன்று: பாரம் தூக்கினேனோ, கையை உயர்த்தினேனோ, உள்ளாடையைச் சரியாக அணியவில்லையோ என்று. வீக்கம் வற்றியதைத் தவிர வேறெதுவும் நடந்திராது. எதிர்மாறான நிலையும் உண்டு. தசை இறுகியிருக்கும் தொடக்க வாரங்களிற் காணப்பட்ட சில மேடுபள்ளங்கள், தசை தளர்ந்து உள்வைப்பு இடங்கொள்ளும்போது தாமே மறைவதுண்டு. ஆகையால் அடுத்த முடிவுக்கு முன் ஆறு மாதம் தொடக்கம் ஓராண்டு வரை காத்திருக்குமாறு சத்திரசிகிச்சையாளர் கூறுவதில் நியாயமுண்டு. திரை உயிருக்கு ஆபத்தானதன்று. பெரும்பாலும் ஓடு கிழிந்ததற்கு அடையாளமுமன்று. உவர்நீர் உள்வைப்பில் மட்டும் திடீரெனத் திரை மிகுந்து மார்பு சிறுத்தால் நீர் கசிகிறதெனக் கொள்ளலாம். ஜெல் உள்வைப்பு கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாமலிருப்பதே வழக்கம். ஐந்து அல்லது ஆறு ஆண்டில் முதல் முறையும், பின் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும் மீயொலி அல்லது காந்தப் படப் பரிசோதனை செய்யவேண்டுமென அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைப்பது அதனாலேயே. கண்ணுக்குத் தெரியும் குறை பெரும்பாலும் தீங்கற்றது. தெரியாததற்கே படம் பிடிக்கவேண்டியுள்ளது.

ஆனால் காத்திருத்தல் எல்லோர்க்கும் ஒரே விலையுடையதன்று. நான்கு முதல் ஆறு வாரம் வரை பாரந் தூக்காதிருத்தல், கையைத் தலைக்குமேல் உயர்த்தாதிருத்தல் என்ற அறிவுரை, சம்பளத்தோடு விடுமுறை பெறுபவருக்கு அறிவுரை. மற்றவர் வீட்டைச் சுத்தஞ் செய்து வாழ்பவளுக்கும், முதியோர் இல்லத்தில் நோயாளரைத் தூக்கிக் கிடத்துபவளுக்கும், இடுப்பிற் குழந்தையைச் சுமப்பவளுக்கும் அது வருமான இழப்பு அல்லது மீறவேண்டிய கட்டளை. காயத்தை ஆற்றுதலும் ஓர் உழைப்பு. எந்தக் கணக்கேட்டிலும் அது பதியப்படுவதில்லை.

செலவு யாரைச் சேர்கிறது என்பதிலே பெயரிடுதலின் வலிமை வெளிப்படையாகத் தெரியும். அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மார்பகம் அகற்றும் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் காப்புறுதி, மீளமைப்புக்கும் இருபுறச் சமநிலைக்கும் அதன் சிக்கல்களுக்கும் பொறுப்பேற்கவேண்டுமென விதித்தது. போராடிப் பெற்ற உரிமை அது. தோற்றத்துக்காக உள்வைப்புப் பெற்றவளுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. இருவர் மார்பிலும் இருப்பது ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பொருளாக இருக்கலாம். இருவர் தோலிலும் தோன்றுவது ஒரே திரையாக இருக்கலாம். ஒன்று சிக்கல், மற்றது அழகுப் பிரச்சினை. உற்பத்தியாளர் தரும் உத்தரவாதப் பத்திரங்களைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். ஓடு கிழிந்தால் புதிய உள்வைப்பும் ஓரளவு பணமும் கிடைக்கும். சுருக்கத்துக்காக, கிழியாத உள்வைப்பை அகற்றினால் உத்தரவாதம் செல்லாது என்பது அப்பத்திரங்களின் வழமையான விலக்கு. பண்டம் பழுதடையவில்லை, பழுதாகத் தோன்றுவது உன் தோல் என்பதே அதன் கருத்து.

பிரான்சில் நடந்தது இன்னும் கொடியது. தென்கரையிலுள்ள லா செய்ன் நகரில், ஜோன் குளோட் மா என்பவர் 1991 இல் நிறுவிய பிப் என்னும் கம்பனி, மருத்துவத் தரமற்ற தொழிற்சாலைச் சிலிக்கோனை உள்வைப்புகளில் நிரப்பி உலக முழுவதிலும் விற்றது. 2010 இல் அது மூடப்பட்டது. 2011 டிசெம்பரில் பிரெஞ்சு அரசு, அவ்வுள்வைப்புப் பெற்ற ஏறத்தாழ 30,000 பெண்களும் அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. 2013 இல் மாவுக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இங்கிலாந்திலே தனியார் நிலையங்கள் பல பொறுப்பேற்க மறுத்தன. அரச சுகாதார சேவை, அத்தகைய நிலையங்களிற் சிகிச்சை பெற்ற பெண்களின் உள்வைப்பை அகற்றித் தருவதாக அறிவித்தது. ஆயின் மாற்று உள்வைப்பை இடுவதில்லை என்றது. இலாபம் தனியார்க்கு, அகற்றும் பொறுப்பு மக்களின் வரிப்பணத்துக்கு, விரிந்து தொங்கும் தோல் அப்பெண்ணுக்கு என்று பங்கீடு செய்யப்பட்டது.

இச்சிந்தனைக்கு இலக்கியம் அளித்த பங்கு சிறிதன்று. கறுப்பினக் கவிஞரான ஓட்ரி லோர்ட், 1978 இல் தம் வலது மார்பகத்தைப் புற்றுநோய்க்கு இழந்தார். அவ்வனுபவம் பற்றி 1980 இல் வெளியிட்ட நூலில், பஞ்சடைத்த போலி மார்பகத்தை அணியாமல் வைத்தியர் அலுவலகம் சென்ற தம்மை அங்கிருந்த தாதி கடிந்த செய்தியைப் பதிவு செய்துள்ளார். அணியாவிடின் அலுவலகத்தின் மனவுரம் குன்றும் என்பது தாதியின் வாதம். மறைக்கப்பட்ட தழும்புகள் பெண்களை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துவிடுகின்றன என்பதே லோர்டின் அடிப்படை முறையீடு. அவருடைய கருத்தை முழுமையாக ஏற்பதிலே எமக்கு ஓர் இடர்ப்பாடுண்டு. மறைக்காதிருக்கும் துணிவை ஒவ்வொரு பெண்ணிடமும் அறக்கடமையாக எதிர்பார்ப்பது, வேலை, மணவாழ்வு, அயலார் கண் ஆகியவற்றால் நெருக்கப்படும் பெண்ணின் மீது மற்றுமொரு சுமையை ஏற்றுவதாகும். திரையை மூடிக்கொள்ள மறுசிகிச்சை நாடுபவள், சமூகத்தை ஏமாற்றவில்லை. அவள் கேட்பது, தன்னிடம் விற்கப்பட்டது சொல்லப்பட்டபடி இருக்கவேண்டும் என்பதையே.

2021 ஒக்டோபரில் அமெரிக்க நிர்வாகம், உள்வைப்பு ஆயுட்காலப் பொருளன்று என்பது முதலிய எச்சரிக்கைகளைக் கட்டமிட்டு அச்சிடவும், சிகிச்சைக்கு முன் பெண்ணும் வைத்தியரும் கையொப்பமிடும் பட்டியலொன்றை வழங்கவும் விதித்தது. முன்னேற்றமே, ஆறு தசாப்தம் கழித்து வந்த முன்னேற்றம். பட்டியலோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய மற்றொரு சான்று நிழற்படம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்துக் காட்டப்படும் படங்கள் வழக்கமாக நிமிர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, அசையாது நிற்கும் பெண்ணுடையவை: முன்பக்கம், சரிந்த பக்கம், பக்கவாட்டு. திரை மிகத் தெளிவாகத் தெரிவதோ முன்னோக்கிக் குனியும்போது. துணி தோய்க்கும்போதும், பிள்ளையைத் தூக்கும்போதும், நிலம் பெருக்கும்போதும், தறியிலோ தையற்பொறியிலோ இருக்கும்போதும் பெண் குனிகிறாள். வேலைநாளின் பெரும்பகுதியில் அவள் நிமிர்ந்து நிற்பதில்லை. மறுசிகிச்சைக்கு முன்னும், பின் ஆறாம் மாதத்திலும், குனிந்த நிலையில் ஒரு படம் எடுத்து வைக்குமாறு அவள் கேட்பாளாயின், அதற்கு மேலதிகக் கருவியோ பணமோ தேவையில்லை.